நிறுத்திய ஆட்டமும் நின்றுபோன ஆட்டமும்

கண்டி நகரில் றக்பி ஆட்டத்தைக் குறைத்து ஒரு சொல் சொல்லிவிட்டு எவரும் நிம்மதியாகத் தேநீர் அருந்த முடியாது. 1891ஆம் ஆண்டில் கிங்ஸ்வூட் கல்லூரியைத் தோற்றுவித்த எல். ஈ. பிளேஸ் தம் மாணவருக்கு அதனைக் கற்பித்தார். இந்நாட்டுப் பாடசாலைகளுள் அதனை முதலில் ஆடியது அக்கல்லூரியே என்பர். 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் எதிர்த்து நின்றதே பாடசாலைகளுக்கிடையே நிகழ்ந்த முதலாவது போட்டி. கொழும்பு றோயல் கல்லூரிக்கும் திரித்துவத்துக்கும் 1945இல் தொடங்கிய பிராட்பி கேடயப் போட்டியோ ஒரு திருவிழா. அது கண்டியில் நடைபெறும் நாளில் வீதியில் கால் வைக்க இடமிராது.

இத்தகைய ஊரில், "ஒரு கலாசாலை தன் பந்தாட்டக் குழுவைத் தானே கலைத்துவிடலாமா?" என்று ஆசிரியர் ஓய்வறையில் ஒருநாள் கேட்டுவிட்டேன். நண்பர்கள் என்னைப் பித்தனைப் பார்ப்பதுபோற் பார்த்தனர்.

அவ்வாறு கலைத்த கலாசாலை ஒன்று உண்டு: அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகம். அங்கே கால்பந்து என்று வழங்குவது நம் உதைபந்தாட்டமன்று. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடுவது, றக்பிக்குத் தாயாதி எனலாம். 1892 முதல் 1932 வரை அலோன்சோ ஸ்டாக் என்பவர் அங்கு பயிற்றுநராக இருந்து பெரும் புகழ் ஈட்டித் தந்தார். நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்குரிய விருது 1935இல் முதன்முதல் வழங்கப்பட்டபோது, அதனைப் பெற்றவர் சிக்காகோ மாணவர் ஜே பெர்வாங்கரே. அடுத்த நான்கே ஆண்டுகளில் வீழ்ச்சி! 1939இல் அக்குழு மிச்சிகனிடம் 85க்குப் பூச்சியம் என்ற கணக்கில் தோற்றது. அவ்வாண்டு திசெம்பரில் நிருவாக சபை ஆட்டத்தை நிறுத்திவிட்டது.

தோல்விக்கு நாணி ஒதுங்கினர் என்பது பாதி உண்மை. டிக்கட் வருவாய்க்கும் பழைய மாணவரின் பெருமைக்குமாக நடத்தப்படும் ஆட்டத்துக்கும் கல்விக்கும் உறவில்லை என்பது தலைவர் றொபேட் ஹட்சின்ஸ் நெடுநாளாகக் கொண்டிருந்த கருத்து. வெறிச்சோடிய அரங்கின் படிக்கட்டுகளுக்குக் கீழே, 1942 திசெம்பர் 2ஆம் நாள், என்றிக்கோ பெர்மி குழுவினர் கட்டுப்படுத்திய அணுத் தொடர்வினையை முதன்முதல் இயக்கினர். பின்னர் அரங்கும் இடிபட்டது. அவ்விடத்தில் 1970இல் பெருநூலகம் ஒன்று திறக்கப்பட்டது.

புத்தகங்களோடு காலங்கழிக்கும் நான் இதனைக் கேட்டு மகிழ வேண்டியவன். ஆயினும் முழுமனத்தோடு மகிழ இயலவில்லை. 1969இல் அங்கு ஆட்டம் மீண்டும் வந்தது. விளையாட்டுக்கென உபகாரச் சம்பளம் இல்லாத, அடக்கமான உருவில் வந்தது. முப்பது ஆண்டு கழித்துக் கண்ட வழியை அன்றே கண்டிருக்கலாகாதா? ஆரவாரத்தை நீக்க விரும்பியவர் ஆட்டத்தையும் சேர்த்து நீக்கினார் என்பதே ஹட்சின்ஸ்மீது என் குறை. ஒன்றுக்காக மட்டும் அவரை மதிக்கிறேன். மாணவர் முன் நின்று காரணம் கூறினார். அவர்களும் ஏசுவதற்கு ஒரு முகத்தைப் பெற்றனர்.

கண்டிக்கு அண்மையில், தோட்டப் பிள்ளைகள் பயிலும் ஒரு பாடசாலையில் நான் சில காலம் படிப்பித்தேன். அங்கும் ஓர் உதைபந்தாட்டக் குழு இருந்தது. பதினொருவருக்கு நான்கு சோடிச் சப்பாத்து. எஞ்சியோர் வெறுங்காலோடு ஆடினர். மழை பெய்தால் பந்து தேயிலைச் சரிவில் உருண்டோடும். எடுத்துவரப் போனவன் அட்டைக்கடியோடு திரும்புவான். ஒரு விடுமுறை முடிந்து வந்தபோது மைதானத்தில் வகுப்பறைக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியிருந்தனர். வகுப்பறை வேண்டாமென்று யார் சொல்வார்? நானும் சொல்லவில்லை. ஆட்டம் நின்றது என்று எவரும் அறிவிக்கவில்லை. சம்பவத்திரட்டுப் புத்தகத்திலும் ஒரு வரி எழுதப்படவில்லை. பையன்கள் சில நாள் பந்தோடு வந்து நின்றுவிட்டுப் போனார்கள். ஏன் என்று கேட்டவனுக்கு விடை சொல்லாத ஆசிரியருள் நானும் ஒருவன்.

பெருங்கல்லூரிகளின் ஆட்டங்களுக்கு ஆண்டு மலர்கள் உண்டு, நூற்றாண்டு விழாக்கள் உண்டு, சண்டையிடப் பழைய மாணவர் சங்கங்களும் உண்டு. எங்கள் குழுவுக்கு ஒரு புகைப்படமேனும் எடுத்ததாக நினைவில்லை. ஆகவே ஓர் அப்பியாசக் கொப்பியில் அப்பையன்களின் பெயர்களை எழுதத் தொடங்கியிருக்கிறேன். பேருந்தில் காணும் பழைய மாணவர் சிலர் உதவுகிறார்கள். இதுவரை ஒன்பது பெயர்கள் சேர்ந்துள்ளன.