சூரியனா? எரிமலையா? நாமா?

உலகம் வெப்பமடைந்து வருகிறது என்பதை இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கின்றனர். 1850 முதல் 1900 வரை நிலவிய சராசரியோடு ஒப்பிட்டால், 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் பூமியின் வெப்பம் ஏறத்தாழ 1.1 டிகிரி சென்டிகிரேடு கூடியிருந்தது. கருத்து வேற்றுமை எழுவது அடுத்த கேள்வியில்தான். இதற்குக் காரணம் யார்? இயற்கையா, மனிதனா? பட்டிமன்ற மேடைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் இவ்வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மாணவியராகிய நாமும் இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புக் கூற முயல்வோமே!

இயற்கையைக் காரணம் காட்டுவோர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் பெரும் பகுதியும் வட ஐரோப்பாவும் பனிப்பாளங்களின் கீழ்க் கிடந்தன. பின்னர் அவை உருகின. அக்காலத்தில் ஆலைகள் ஏது? மோட்டார் வண்டிகள் ஏது? 1815-ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது; அதன் தூசியும் புகையும் சூரிய ஒளியை மறைத்தமையால், 1816-ஆம் ஆண்டு ஐரோப்பிய மக்கள் கோடைக்காலத்தையே காணவில்லை எனலாம். ஆகவே இயற்கை தானாகவே மாற வல்லது என்பதில் ஐயமில்லை.

ஆனால், முன்பு இயற்கையால் நேர்ந்தது என்பதனால் இப்பொழுதும் இயற்கையால்தான் நேர்கிறது என்று முடிவு கட்டலாமா? இடி விழுந்து கூரைகள் எரிந்ததுண்டு. அதற்காக, கூரைக்குத் தீ வைத்தவன் ஒருவனும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் ஆகாமல் இருக்க வேண்டுமாயின், குற்றஞ்சாட்டப்பட்ட ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிப்பதே முறை.

முதலில் சூரியனை எடுத்துக்கொள்வோம். 1978-ஆம் ஆண்டு முதல் செயற்கைக்கோள்கள் சூரியனிடமிருந்து வரும் ஆற்றலை அளந்து வருகின்றன. சுமார் பதினோர் ஆண்டுகளுக்கு ஒருமுறை அது சிறிது ஏறுகிறது, இறங்குகிறது. ஆனால் பூமி சூடேறியதற்கு ஏற்ப அது கூடிக்கொண்டே போகவில்லை. மேலும், சூரியனே காரணமாயின், தரையை ஒட்டிய காற்றும் உயரத்திலுள்ள காற்றும் ஒருங்கே சூடேற வேண்டும். கரியமிலவாயு காரணமாயின், கீழே வெப்பமும் மேலே குளிர்ச்சியும் உண்டாக வேண்டும் என்று 1967-ஆம் ஆண்டிலேயே சுகுரோ மனாபே என்னும் விஞ்ஞானி தம் சகாவுடன் கணக்கிட்டுக் கூறினார். பின்னர் அளந்து பார்த்தபோது அவ்வாறே இருந்தது. 2021-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர்.

அடுத்து எரிமலை. 1991-ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டின் பினட்டுபோ எரிமலை வெடித்தது. விளைவு என்ன? உலகம் சூடேறவில்லை, ஏறத்தாழ அரை டிகிரி குளிர்ந்து, ஓரிரு ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்பியது. எரிமலைகள் கரியமிலவாயுவைக் கக்குவது உண்மையே. ஆயினும் ஓர் ஆண்டில் உலக எரிமலைகள் யாவும் சேர்ந்து வெளிவிடும் அளவு, மனிதர் வெளிவிடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

மூன்றாவது, பூமியின் சுற்றுப்பாதையிலும் சாய்விலும் ஏற்படும் மாற்றம். பனியுகங்களைக் கொண்டுவந்ததும் முடித்துவைத்ததும் இதுவே. ஆனால் இது ஆமை நடை நடப்பது. ஒரு சுற்று முடியப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். கடைசிப் பனியுகம் முடிந்து உலகம் ஐந்தாறு டிகிரி சூடேறச் சுமார் பத்தாயிரம் ஆண்டுகள் பிடித்தன. இன்று நாம் காணும் மாற்றமோ ஒன்றரை நூற்றாண்டுக்குள் நேர்ந்தது.

இனி மனிதனின் முறை. 1856-ஆம் ஆண்டு, யூனிஸ் ஃபூட் என்னும் அமெரிக்க அம்மையார் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமிலவாயு இருந்த குழாயே மிகுதியாகச் சூடேறியது. அவ்வாயு காற்றில் கூடினால் பூமியும் சூடாகும் என்று அப்போதே எழுதினார். அறிஞர் அவையில் அவரது கட்டுரையைப் படித்தவர் ஓர் ஆண்மகனே. அம்மையாரின் பெயரை உலகம் நெடுங்காலம் மறந்திருந்தது. பெண் பிள்ளைகளாகிய நாமாவது அதனை நினைவில் வைப்போம்.

1958-ஆம் ஆண்டு சார்லஸ் கீலிங் என்பவர் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கரியமிலவாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது காற்றின் பத்து லட்சம் பங்கில் அது 315 பங்கு. 2024-இல் 420-ஐத் தாண்டிவிட்டது. அந்த மலையே ஓர் எரிமலையாயிற்றே என்று கேட்கலாம். தென் துருவத்தில் அளந்தாலும் அதே ஏற்றந்தான் காணப்படுகிறது. அண்டார்க்டிக் பனியில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளை ஆராய்ந்ததில், ஆலைகள் பெருகுவதற்கு முந்திய எட்டு லட்சம் ஆண்டுகளில் அது 300-ஐத் தாண்டவில்லை என்று தெரிகிறது. கூடுதலாகச் சேர்ந்தது எங்கிருந்து வந்தது? நிலக்கரியும் பெட்ரோலியமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்தவை. ஆதலால் உயிருள்ளவற்றில் காணப்படும் கார்பன்-14 அவற்றில் எஞ்சியிருப்பதில்லை. அத்தகைய பழங்கரி காற்றில் கலந்திருப்பதை 1955-ஆம் ஆண்டிலேயே ஹான்ஸ் சூஸ் மரங்களின் வளையங்களில் கண்டறிந்தார். இதைவிடத் தெளிவான கைரேகை வேறென்ன வேண்டும்?

ஐ.நா.வின் காலநிலை அறிஞர் குழுவும் 2021-ஆம் ஆண்டு அறிக்கையில், உலகைச் சூடாக்கியது மனிதச் செயலே என்பதில் ஐயத்துக்கு இடமில்லை என்று உரைத்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், எரிமலை, சூரியன் முதலிய காரணங்களை மறைக்காமல் குறிப்பிட்டு, அண்மைக் கால வெப்பத்துக்குப் பெரும்பாலும் மனிதரே காரணம் என்ற அறிவியல் முடிவை எடுத்துரைத்துள்ளார்.

தீர்ப்பு மனிதனுக்கு எதிரானதே. ஆயினும் 'மனிதன்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் நீதியாகாது. இதுவரை எரிபொருளால் காற்றில் சேர்ந்த கரியமிலவாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்க நாடு ஒன்றினுடையது. ஒற்றை விளக்கில் இரவைக் கழிக்கும் ஏழைத் தாயையும், பல கார்கள் வைத்திருப்பவரையும் ஒரே கூண்டில் நிறுத்துவது எப்படி? கூடுதலாக எரித்தவரே கூடுதலாகத் திருத்த வேண்டும்.

பெற்றோர்களே, தோழியரே! வகுப்பறையை விட்டு வெளியேறும்போது மின்விசிறியை நிறுத்துவது நல்ல பழக்கமே; ஆனால் அத்தோடு கடமை முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. அந்த மின்சாரம் எதை எரித்து வருகிறது என்று கேட்கவும், நாளை வாக்குரிமை பெறும்போது அதனை மறவாதிருக்கவும் வேண்டும்.

காரணம் நாமே என்று அறிவது மனத்துக்குக் கசப்புத்தான். ஆயினும் நம்பிக்கையும் அதில்தான் இருக்கிறது. சூரியனை நம்மால் தணிக்க இயலாது. எரிமலைக்கு மூடி போட இயலாது. நாம் மூட்டிய அடுப்பை நாமே தணிக்கலாம்.