சன்னல் திரைகள்: பழுதும் பரிகாரமும்

இல்லம் பேணுவோம்



கண்ணுக்கு இமை எப்படியோ, அப்படியே சன்னலுக்குத் திரை. வேண்டும்போது திறக்கவும், வேண்டாதபோது மூடவும் இயன்றால்தான் இமையால் பயன் உண்டு. ஆயினும் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு பக்கம் சரிந்த மூங்கில் தட்டியும், இறக்கினால் ஏறாத சுருள் திரையும், கயிறு அறுந்த பட்டைத் திரையும் ஆண்டுக்கணக்கில் அப்படியே தொங்குகின்றன. "இது இனி உதவாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும்" என்று பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். உண்மையில் இப்பழுதுகளுள் பெரும்பாலானவற்றை ஒரு திருப்புளி, ஒரு குறடு, ஊசி, நூல் ஆகியவற்றைக் கொண்டு சனிக்கிழமைப் பிற்பகலில் வீட்டாரே சீர்செய்துவிடலாம். அம்முறைகளை இத்திங்கள் காண்போம். இறுதியில் வரும் கயிறு பற்றிய பகுதியைச் சிறு குழந்தைகள் உள்ள வீட்டார் கட்டாயம் படித்தல் வேண்டும்.

இடமறிந்து திரையிடுக

போடிநாயக்கனூரில் வாழ்வோர் இரு வேறு தட்பவெப்பங்களை அறிந்தவர்கள். அடிவாரத்தில் வெயிலும் தூசியும் மிகுதி. தென்மேற்குப் பருவக் காலத்தில் மழை மலைக்கு அப்பாலேயே பெரும்பகுதி பெய்து தீர, நமக்கு மலைக் கணவாய்களின் வழியே வறண்ட காற்றே வந்து சேருகிறது. ஆனி, ஆடி மாதங்களில் அக்காற்று கதவுகளை அறைந்து சாத்துவதை அனைவரும் அறிவர். போடிமெட்டைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் சென்றாலோ அதே மாதங்களில் மழையும் மூடுபனியும் ஓய்வதில்லை. காலையில் ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டத்திற்குச் சென்று மாலையில் திரும்பும் தொழிலாளர்கள் ஒரே நாளில் இரண்டையும் காண்கிறார்கள்.

எனவே அடிவாரத்தில் திரைகளைக் கெடுப்பவை வெயில், காற்று, தூசி என்னும் மூன்று. மலைமேல் கெடுப்பவை துருவும் பூஞ்சணமும். பழுதின் காரணம் அறிந்தால் பாதி வேலை முடிந்தது.

மற்றொன்றையும் நினைவிற் கொள்க. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே தடுப்பதே சிறந்தது. வெளியே தொங்கும் தட்டி, வெப்பத்தை வீட்டிற்குள் விடாமலே நிறுத்திவிடுகிறது. உள்ளே தொங்கும் துணித் திரையோ, கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட வெயிலில் தானும் சூடேறி அச்சூட்டை அறைக்குள்ளேயே பரப்புகிறது. நம் முன்னோர் தாழ்வாரத்தில் மூங்கில் தட்டி கட்டியது அறிவார்ந்த செயலேயாகும்.

ஏலக்காய் வணிகர்க்கும் இதில் ஒரு பயன் உண்டு. பச்சை நிறம் மங்காத காய்க்கே சந்தையில் மதிப்பு. உலர்ந்த காயின் பசுமையை ஒளி வெளுக்கச் செய்யும். ஆதலால்தான் காயைக் கறுப்புப் பாலிதீன் உறையிட்ட சாக்குகளில் இட்டு இருட்டறையில் வைக்கின்றனர். காய் தரம் பிரிக்க வெளிச்சம் வேண்டும். இருப்பு வைக்க இருள் வேண்டும். இரண்டும் ஒரே அறையில் நடைபெறுமாயின் நன்கு இயங்கும் திரை அங்கு அழகுப் பொருளன்று, தொழிற்கருவி.

மூங்கில் தட்டி

தட்டியில் காணும் முதற் குறை, பின்னிய நூல் இற்றுப்போதல். மூங்கிற் சிம்புகள் பல ஆண்டுகள் உழைக்கும். அவற்றைக் கட்டும் பருத்தி நூல் வெயிலில் விரைவில் நைந்துவிடும். ஒரு வரிசை அறுந்தவுடனே தட்டியை இறக்கித் தரையில் விரித்து, அதே வழியில் மெழுகு தேய்த்த கனத்த நூலால், ஒவ்வொரு சிம்பையும் முன்னும் பின்னுமாகப் பற்றிப் பின்னி வருக. ஒரு வரிசை போனபின் வாளாவிருந்தால், அதன் பாரம் அடுத்த வரிசையில் ஏறி அதுவும் அறுபடும். இவ்வாறே முழுத் தட்டியும் பாழாகிறது.

இரண்டாவது, உளுத்துப்போதல். தட்டிக்குக் கீழே மாவு போன்ற மெல்லிய தூள் தினமும் உதிருமானால் உள்ளே வண்டு குடைகிறது என்று பொருள். மூங்கிலின் சதைப்பற்றில் உள்ள மாவுச்சத்தே அதற்கு உணவு. மூங்கிலைப் பிளக்குமுன் சில வாரங்கள் நீரில் ஊறப்போடும் பழைய வழக்கம் இம்மாவுச்சத்தைக் கரைத்து வெளியேற்றுவதற்கே ஏற்பட்டது. முடைந்த தட்டியைக் காக்க வேறு வழி உண்டு. 10 லிட்டர் வெந்நீரில் 300 கிராம் வெண்காரமும் 200 கிராம் போரிக் பவுடரும் கரைத்து, ஆறியபின் தட்டியை ஒரு நாள் அதில் ஊறவைத்து நிழலில் உலர்த்துக. வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். போரிக் பவுடர் கேரம் பலகையில் தூவுவதே. கையுறை அணிந்து செய்க. கரைசல் குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டலாகாது. மழை நீர் இம்மருந்தைக் கழுவிவிடும். ஆதலால் இது கூரைக்கு உட்பட்ட தட்டிக்கே பயன்படும்.

மூன்றாவது, ஒரு பக்கம் சரிதல். கயிறுகள் இரண்டும் ஒரே நீளமாக இல்லாமையே இதற்குப் பெரும்பாலும் காரணம். தட்டியை முழுதும் இறக்கி, இரு கயிறுகளையும் ஒருங்கே இழுத்துப் பிடித்து மீண்டும் முடிச்சிடுக. கப்பி சுழலாமல் கயிறு உராய்ந்து தேய்ந்திருந்தால் கப்பியை மாற்றுக. ஆடிக் காற்றில் தட்டி சுவரில் மோதாதிருக்க, அடிக்கட்டையின் இரு முனைகளிலும் கொக்கி அமைத்துச் சுவர் வளையத்தில் மாட்டிவிடுக. காற்று மிகக் கடுமையாக வீசும் வேளையில் தட்டியைச் சுருட்டிக் கட்டுவதே நலம்.

சுருள் திரை

உருளைக்குள் ஒரு சுருள்வில்லும், முனையில் ஒரு பற்சக்கரமும், அதில் விழும் நாக்கு போன்ற சிறு தடையும் இதன் உறுப்புகள். 1864ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட் ஹார்ட்ஷார்ன் என்னும் அமெரிக்கர் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றும் அடிப்படை மாறவில்லை.

திரை மேலே ஏறாமல் சோர்ந்து தொங்கினால் வில்லின் முறுக்குத் தளர்ந்துவிட்டது. திரையைப் பாதி இறக்கி, உருளையைத் தாங்கியிலிருந்து கழற்றி, துணியைக் கையால் முழுதும் சுற்றி, மீண்டும் மாட்டுக. இப்போது இழுத்தால் முறுக்கு முன்னிலும் மிகுந்திருக்கும். போதாவிடில் மறுமுறையும் அவ்வாறே செய்க. இதற்கு மாறாகத் திரை கையை விட்டதும் படாரென்று பறந்து ஏறினால் முறுக்கு மிகை. முழுதும் ஏறிய நிலையில் உருளையைக் கழற்றி, துணியைக் கையால் இரண்டு சுற்று அவிழ்த்து மாட்டுக.

இறக்கிய இடத்தில் நில்லாமல் ஏறிவிடுமாயின் நாக்கு பல்லில் விழவில்லை. தூசியோ துருவோ அடைத்திருக்கும். பழைய பல்துலக்கியால் துடைத்து, பென்சில் கரியைப் பொடித்துச் சிறிது இடுக. எண்ணெய் இடுதல் தவறு. அது போடித் தூசியைக் குழைத்துச் சேறாக்கிவிடும். துணியிலும் கறை படியும்.

சுற்றும்போது துணி ஒரு பக்கமாக நகர்ந்து, ஓரம் தாங்கியில் உரசிக் கிழிவது அடுத்த குறை. முதலில் ரசமட்டம் வைத்து இரு தாங்கிகளும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று காண்க. மட்டம் சரியாக இருந்தும் துணி வலப்பக்கம் நகர்ந்தால், திரையை முழுதும் இறக்கி, உருளையின் இடது முனையில் இரண்டு அங்குல ஒட்டுநாடா ஒன்றைச் சுற்றுக. இடப்பக்கம் நகர்ந்தால் வலது முனையில் சுற்றுக. அம்முனை சற்றே பருத்து, துணியைத் தன் பக்கம் ஈர்த்து நேர்செய்யும்.

பட்டைத் திரைகள்

படுக்கைவாட்டுப் பட்டைத் திரை ஏறவோ இறங்கவோ மறுத்தால் மேற்பெட்டியிலுள்ள கயிற்றுப் பூட்டு சிக்கியிருக்கும். கயிற்றை நேர் கீழாக இழுத்து, பின்பு பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பார்க்க. பலவந்தமாக இழுத்தால் கயிறு அறும். கயிறு நைந்திருந்தால் முற்றும் அறுவதற்கு முன்பே மாற்றிவிடுக. பழைய கயிற்றின் முனையோடு புதியதன் முனையை முடிச்சின்றி மெல்லிய நாடாவால் ஒட்டி, பழையதை இழுத்தால் புதியது அதே தடத்தில் தானே நுழைந்து வரும். பழையதை உருவி எறிந்தபின் ஒவ்வொரு துளையாகக் கோத்தல் பெருந்தொல்லை.

நடுவில் ஒரு பட்டை உடைந்தால் கடையில் தேடி அலைய வேண்டா. பெரும்பாலான திரைகளில் அடியில் மிகைப் பட்டைகள் சில அடுக்கியிருக்கும். அடிக்கட்டையின் அடைப்பானை நீக்கி, முடிச்சை அவிழ்த்து, கயிற்றை உடைந்த பட்டை வரை உருவி, அதை எடுத்துவிட்டு அடியிலுள்ளதை அவ்விடத்தில் செருகுக.

அலுவலகங்களில் காணும் நெடுவாட்டுத் துணிப் பட்டைகள் சில ஒரு பக்கமும் சில மறுபக்கமும் திரும்பி நிற்பது வழக்கமான குறை. சங்கிலியை ஒரே திசையில் கடைசிவரை இழுத்து, அதன் பின்னும் சற்று மெல்ல இழுத்தால் பின்தங்கிய பட்டைகளும் வந்து சேர்ந்துகொள்ளும். கொக்கித் துளை கிழிந்த பட்டைக்குத் தடித்த பிளாஸ்டிக் துண்டொன்றை ஒட்டி அதில் புதிய துளையிடலாம்.

சுவரும் பூஞ்சணமும்

திரையோடு தாங்கியும் பெயர்ந்து விழுந்தால் அதே துளையில் திருகாணியை மீண்டும் முடுக்குவதால் பயனில்லை. செங்கற் சுவராயின் துளையைச் சுத்தம் செய்து, சற்றுப் பெரிய பிளாஸ்டிக் பிளக் அடித்து முடுக்குக. மரச் சட்டமாயின், தலை நீக்கிய தீக்குச்சிகளை மரப் பசையில் தோய்த்துத் துளை நிறையச் செருகி, ஒரு நாள் உலரவிட்டு முடுக்குக.

மலைமேல் உள்ள வீடுகளில் மழைக் காலத்தில் திரையைச் சுருட்டியே வைத்திருத்தல் ஆகாது. ஈரத்தோடு சுருண்ட துணியில் பூஞ்சணம் பூக்கும். வெயில் தலைகாட்டும் நாளில் இறக்கி வெளியே கொணர்ந்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு தூரிகையால் தட்டி, சவக்காரக் கரைசலில் தோய்த்த துணியால் துடைத்து நன்கு உலர்த்துக. வீட்டிற்குள் தட்டினால் அத்தூள் மூச்சில் சேரும். இழுப்பு நோய் உள்ளவர்க்குத் தீங்கு.

மிகப் பழைய பிளாஸ்டிக் பட்டைத் திரைகள் வெயிலில் நொறுங்கி வெண்தூள் உதிர்த்தால் அவற்றைப் பழுது பார்க்க வேண்டா; அகற்றிவிடுக. 1996இல் அமெரிக்காவில், இறக்குமதியான சில வினைல் திரைகளில் பிளாஸ்டிக்கை உறுதிப்படுத்த ஈயம் கலந்திருந்ததும், அது வெயிலில் தூளாகிப் பட்டைகளின் மேற்பரப்பில் படிவதும் கண்டறியப்பட்டன. தவழும் குழந்தை அத்தூளைத் தொட்டு வாயில் வைக்கும்.

கயிறு: உயிர் காக்கும் எச்சரிக்கை

மேலே கூறிய பழுதுகளால் நேரும் இழப்பு பொருளிழப்பு மட்டுமே. இனிக் கூறுவது அத்தகையதன்று.

தொங்கும் கயிறும் மணிச்சங்கிலியும் குழந்தையின் கழுத்தில் மாட்டினால், ஓசை ஏதும் எழாமலே ஒருசில நிமிடங்களில் உயிர் போய்விடும். அடுத்த அறையில் சோறு வடிக்கும் தாய்க்கு ஒன்றும் கேட்காது. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்குப்படி, அந்நாட்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்குச் சராசரியாக 9 பேர் சன்னல் திரைக் கயிறுகளில் சிக்கி இறக்கின்றனர். அதனால் அங்கு ஆயத்தமாக விற்கும் திரைகளில் 2018 இறுதியிலிருந்தும், அளவெடுத்துச் செய்யும் திரைகளில் 2024 ஜூன் முதல் நாளிலிருந்தும், தாராளமாகத் தொங்கும் இயக்குகயிறு கூடாதென்று தர விதி அமைந்தது. நம் ஊரிலோ கயிறும் சங்கிலியும் உள்ள திரைகள் இன்றும் விற்பனையாகின்றன. ஆகவே காவல் நம் கையில்தான் இருக்கிறது.

செய்ய வேண்டுவன இவை:

1. சேலைத் தொட்டிலைத் திரைச் சன்னலின் அருகே கட்டலாகாது. குழந்தை படுக்கும் கட்டிலும், ஏறி நிற்கத்தக்க நாற்காலி, பெட்டி முதலியனவும் அங்கு இருத்தலாகாது.

2. தரையிலிருந்து 1.5 மீட்டருக்கு மேல் சுவரில் ஒரு கொக்கியை அறைந்து, திரையை இயக்கியவுடன் கயிறு முழுவதையும் அதில் சுற்றிவிடுக. ஒவ்வொரு முறையும் மறவாது இதைச் செய்தல் வேண்டும்.

3. இரு கயிறுகள் அடியில் ஒன்றாக முடிந்து வளையமாக இருந்தால், முடிச்சுக்கு மேலே வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குமிழ் இடுக. கழுத்து நுழையும் வளையம் இல்லாது போகும். எனினும் தனிக் கயிறும் கழுத்தில் சுற்றிக்கொள்ளக்கூடும். ஆதலால் கொக்கியில் சுற்றுவதை நிறுத்தலாகாது.

4. மணிச்சங்கிலியை வெட்ட இயலாது. அதன் அடிவளையத்தை இறுக்கிப் பிடிக்கும் தாங்கியைச் சுவரில் திருகாணியால் பொருத்துக. அது கடையில் திரையோடு தரப்படுவதே. பொருத்துபவர் பலர் அதைப் பைக்குள்ளேயே விட்டுச் செல்கின்றனர். கேட்டு வாங்கிப் பொருத்தச் செய்க.

5. குழந்தை உறங்கும் அறைக்குக் கயிறில்லாத் திரையே தக்கது. கைக்கு அடக்கமான செலவில் வேண்டுமெனின், கம்பியில் கோத்த சாதாரணத் துணித் திரைச்சீலை போதும். அது பழுதாவதும் அரிது.

திரையைச் சீர்செய்யக் கருவிகளை எடுக்கும் நாளில், முதலில் கயிற்றின் நீளத்தைப் பாருங்கள். சரிந்த தட்டியை அடுத்த வாரம் நிமிர்த்தலாம்; தரையைத் தொடும் கயிற்றை இன்றே உயர்த்திக் கட்டுங்கள். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து செல்லும் வீடுகளிலும், குழந்தைகளை விட்டுத் தோட்டத்திற்குச் செல்லும் தாய்மாரின் அண்டை வீடுகளிலும் இதே கவனம் வேண்டும். இதைப் படித்தவர், படிக்க இயலாத அண்டை வீட்டாருக்கும் ஒருமுறை சொல்லி வைப்பாராக.