கட்டமாகிப் போன முந்திரி

முந்திரி என்றதும் நமக்குப் பாயசம் நினைவுக்கு வருகிறது. பழந்தமிழ்க் கணக்கிலோ அது 320இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒன்று. மா 20இல் ஒன்று. மாகாணி 16இல் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி இருந்தது. சோழர் கல்வெட்டுகளின் நில அளவைகளிலும் கணக்கதிகாரம் முதலிய கணித நூல்களிலும் இப்பின்னங்கள் பயின்று வருகின்றன. இத்தகைய நூல்களை இன்று கணினியில் அச்சுக்கோக்கும்போது குறிகளுக்கு நேரும் கதி கவலைக்குரியது.

நோய் இருவகையில் வெளிப்படுகிறது. குறி நிற்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் தோன்றும். அல்லது ஒரே வரியில் தடித்ததும் மெலிந்ததுமாக இருவேறு எழுத்துருக்கள் கலந்து நிற்கும். வேர் ஒன்றே. எழுத்துரு என்பது அச்சுப்பெட்டி போன்றது. வார்க்கப்படாத அச்சு அதில் இராது. சொற்செயலி இல்லாத குறியை வேறோர் எழுத்துருவிலிருந்து இரவல் பெறுகிறது. இரவலும் கிடைக்காதபோது கட்டம் இடுகிறது. கணித நூல்களுக்குப் பெயர்பெற்ற டெக் மென்பொருளோ இயல்பாக வேலையை நிறுத்துவதில்லை. இன்ன எழுத்து இன்ன எழுத்துருவில் இல்லை என்று பதிவுக்கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு மேலே செல்கிறது. அவ்வரியைப் படிப்பார் அரியர்.

ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் இடநெருக்கடி வேறு. பெருக்கல், வகுத்தல் குறிகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்துகளைக் குடியேற்றியிருந்தனர். பத்தி முழுவதையும் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினால் பெருக்கல் குறி ஏதோ ஓர் உயிர்மெய்யாகிவிடும்.

இவற்றினும் கொடியது நாம் கைக்கொள்ளும் மருந்து. ௭க்குப் பதில் எகரத்தையும் ௫க்குப் பதில் ருகரத்தையும் தட்டிவிடுகிறோம். பின்னக் குறியைப் படமாக வெட்டி ஒட்டுகிறோம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாதபோது என்ன குறை என்று கேட்கலாம். ஓலையில் எண்ணும் எழுத்தும் ஒரே வடிவில் நின்றதுண்டு. படித்தவர் இடம் நோக்கிப் பொருள் கொண்டார். கணினி இடம் நோக்குவதில்லை. அதற்கு எகரம் எகரமே. நாளை ஒரு மாணவர் அந்நூலில் எண்களைத் தேடினால் ஒன்றும் அகப்படாது.

குறியேற்றம் இல்லை என்னும் சாக்கு இனிச் செல்லாது. தமிழ்ச் சுழியம் 2005இல் ஒருங்குறியில் இடம்பெற்றது. முந்திரி முதலான பின்னங்களும் பழைய அளவைக் குறிகளுமாக 51 குறிகள் 2019இல் அதன் 12ஆம் பதிப்பில் சேர்ந்தன. இவற்றுக்கென நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்னும் எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது.

செய்ய வேண்டுவன சில. அச்சுக்கோக்கும் முன்பே நூலில் வரும் குறிகள் அனைத்தையும் பட்டியலிட வேண்டும். தமிழ் உரைக்கு ஒன்று, பின்னங்களுக்கு ஒன்று, கணிதக் குறிகளுக்கு ஒன்று என எழுத்துருக்களை நாமே வகுத்துவிட்டால் மென்பொருள் தன் மனம்போல் இரவல் வாங்காது. இறுதியில் பிடிஎஃப் கோப்பில் எழுத்துருக்கள் பொதிந்துள்ளனவா என்று பார்த்து, ஒரு குறியையேனும் தேடிச் சோதிக்க வேண்டும். வடிவம் சற்று ஒவ்வாமற் போனால் பொறுக்கலாம், பொய்க்குறியைப் பொறுத்தலாகாது.

ஓரெழுத்து மாறினும் பாடவேறுபாடு என அடிக்குறிப்பு எழுதுகிறது நம் பதிப்புலகம். ஒரு மா காணாமற் போனால் மட்டும் வாளாவிருக்கலாமா? நிலக்கணக்கில் அது வேலியில் இருபதில் ஒரு பங்கு.