பூனையை விரட்டினா தெள்ளு போகாது

நெற்குப்பையில் இருந்து ஒரு ஆச்சி பேரனைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. பையனுக்கு அஞ்சு வயசு. ரெண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே சிவப்பு சிவப்பா தடிப்பு. சில இடத்தில் மூணு மூணா, வரிசை பிடிச்ச மாதிரி. சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாகி, மேலே தேன் நிறத்தில் பொருக்கு கட்டியிருந்தது.

"ரெண்டு மாசமா இருக்கு தம்பி. அலர்ஜின்னு சொல்லி மூணு களிம்பு வாங்கியாச்சு. கத்திரிக்காய், கருவாடு எல்லாத்தையும் நிறுத்திட்டேன். கேக்கல."

"வீட்டில் பூனை, நாய் இருக்கா ஆச்சி?"

"பூனை இருந்துச்சு. அதுதான் காரணமோன்னு போன வாரம் சாக்கில் கட்டி கண்மாய்க்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வரச் சொல்லிட்டேன். ஆனா பாருங்க, அதுக்கப்புறம்தான் கடி ஜாஸ்தியா இருக்கு."

அதுவரைக்கும் சும்மா இருந்த பையன், பூனைப் பேச்சு வந்ததும் அழ ஆரம்பிச்சுட்டான்.

ஆச்சி கடைசியா சொன்னாங்களே, பூனை போன பிறகு கடி கூடிடுச்சுன்னு. அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

தெள்ளுப்பூச்சி வேற, உண்ணி வேற. உண்ணி தோலைக் கவ்விப் பிடிச்சு ஒரே இடத்தில் இருக்கும். தெள்ளு எள்ளு அளவில் பழுப்பா இருக்கும், ரோமத்துக்குள்ள ஓடும், பிடிக்கப் போனா தாவிடும். நம்ம வீட்டு நாய்க்கும் பூனைக்கும் பெரும்பாலும் வர்றது ஒரே வகைதான், பூனைத்தெள்ளு.

இப்ப முக்கியமான கணக்கு. நீங்க பூனை மேல பார்க்கிற தெள்ளு மொத்தத்தில் ஏறத்தாழ 5 சதவீதம்தான். மீதி 95 சதவீதம் முட்டையா, புழுவா, கூட்டுப்புழுவா உங்க வீட்டுத் தரையில், பாயில், சோபா இடுக்கில் இருக்கு. ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40 முட்டை வரைக்கும் போடும். முட்டை ரோமத்தில் ஒட்டாது, பூனை படுக்கிற இடத்திலெல்லாம் உதிரும்.

பூனையை நாடு கடத்தினா அந்த 95 சதவீதம் எங்க போகும்? பொரிஞ்சு வெளிய வந்து, பசியோட பூனையைத் தேடும். பூனை இல்லைன்னா தரையோட தரையா ஓடியாடுற பிள்ளையின் கால்தான் கிடைக்கும்.

செட்டிநாட்டுக்காரங்களுக்கு இது இன்னும் நல்லாப் புரியும். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற பெரிய வீட்டைக் கல்யாணத்துக்கோ படைப்புக்கோ வந்து திறப்பாங்க. முதல் நாளே கணுக்காலில் கடி. "ஆளே இல்லாத வீட்டில் எப்படிப் பூச்சி வந்துச்சு?" பூட்டின வீட்டில் தெருப்பூனை குட்டி போட்டுட்டுப் போயிருக்கும். கூட்டுக்குள்ள இருக்கிற தெள்ளு சாப்பாடு இல்லாம மாசக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வும் உடம்புச் சூடும் மூச்சுக்காத்தும் பட்டதும் மொத்தமா வெளிய வரும். வெயில் நேரா விழுந்தா, ஈரம் வத்தினா தெள்ளுப்புழு செத்துடும். நாமதான் சுண்ணாம்புச் சுவரும் உயரக் கூரையும் வச்சு வீட்டைக் குளுகுளுன்னு கட்டி வச்சிருக்கோமே. அதுக்கும் வசதி.

"எனக்குக் கடிக்கலையே டாக்டர், பிள்ளைக்கு மட்டும் ஏன்?" உங்களையும் கடிக்குது. பல வருஷமாக் கடி வாங்கி உங்க தோல் பழகிடுச்சு. சின்னப் பிள்ளைக்குத்தான் ஒவ்வாமை எகிறித் தடிக்கும். சிரங்குன்னா விரலிடுக்கில் வரும், வீட்டில் எல்லாருமே ராத்திரி சொறிவாங்க. தெள்ளுக்கடி பெரும்பாலும் காலோட நிக்கும். கத்திரிக்காய்க்கு இதில் ஒரு சம்பந்தமும் கிடையாது, பாவம்.

வெறும் அரிப்புதானேன்னு விடவும் முடியாது. சொறிஞ்ச புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஏறினா, சில வாரம் கழிச்சுச் சிறுநீரகம் வீங்குறது உண்டு. காலையில் முகம் வீங்கி, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போகும். அந்தப் பயத்தில்தான் பையனுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை எழுதினேன். நல்லவேளை, ஒண்ணுமில்ல. பூனை கீறி அக்குளில் நெறி கட்டுற காய்ச்சலுக்கும் தெள்ளுக்கும் தொடர்பு உண்டு. ஒரு வகை டைபஸ் காய்ச்சலையும் தெள்ளு பரப்பும். நம்ம ஊரில் அதிகம் கேள்விப்படுற ஸ்க்ரப் டைபஸ் வேற, அது புதர்ப் பக்கம் இருக்கிற சிற்றுண்ணியால் வர்றது. அதுக்குப் பூனையைத் திட்டாதீங்க.

சரி, செலவு இல்லாம என்ன செய்யலாம்?

முதலில் தெள்ளுதானான்னு பாருங்க. பூனையை வெள்ளைத் துணி மேல நிறுத்தி, பேன் சீப்பால் கழுத்தும் வாலடியும் சீவுங்க. மிளகுத்தூள் மாதிரி விழுறதை ஈரப் பஞ்சில் வச்சா செம்பழுப்பாக் கரையுதா? அது தெள்ளின் கழிவு, ஜீரணமான ரத்தம். சீப்பில் வர்ற தெள்ளை சோப்புத் தண்ணியில் போடுங்க, முங்கிடும். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கு மருந்து வேண்டாம், இந்தச் சீப்பு போதும்.

வளர்ந்த நாய், பூனைக்கு ஃபிப்ரோனில்னு ஒரு சொட்டு மருந்து இருக்கு. பிடரியில் ரோமத்தை விலக்கி, நாக்கு எட்டாத இடத்தில், தோலில் படுற மாதிரி விடணும். மாசம் ஒரு தடவை, குறைஞ்சது மூணு மாசம். வீட்டில் இருக்கிற எல்லா நாய் பூனைக்கும் ஒரே நாளில். ஒரு பூனைக்கு ஒரு தடவைக்குச் சில நூறு ரூபாய்க்குள் முடியும். ஆச்சி வாங்கின மூணு களிம்போட விலையைக் கூட்டிப் பாருங்க. ஒரு மாசத்தோட நிறுத்தினா கூட்டுக்குள்ள இருந்தது வெளிய வந்து, "மருந்து வேலை செய்யல"ன்னு ஆயிடும்.

தரைக்கு மருந்தே வேண்டாம். தினமும் மூலை முடுக்கெல்லாம் கூட்டி, குப்பையை உடனே வெளியே தள்ளுங்க. பூனை படுக்கிற துணியை வாரம் ஒரு தடவை வெந்நீரில் துவைங்க. பாய், தலையணையை மொட்டை மாடி வெயிலில் போடுங்க. சிவகங்கை மாவட்டத்து வெயில் நமக்கு இலவசமாக் கிடைக்கிற பூச்சிமருந்து.

இப்ப, மலிவுன்னு நினைச்சு செய்யவே கூடாதது. மாட்டு உண்ணிக்கு வாங்கின டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் மிச்சத்தைப் பூனைக்குத் தடவாதீங்க. நாய்க்கான சில சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் இருக்கும், அதுவும் பூனைக்கு ஆகாது. இந்த வகை மருந்தை உடைச்சு வெளியேத்துற சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. உடம்பு உதறி, வலிப்பு வந்து செத்துப் போகும். மண்ணெண்ணெய், பினாயில், அந்துருண்டை எதுவும் வேண்டாம், பூனை தன்னைத் தானே நக்கும். எறும்புப் பொடியைப் பெரியவங்க இன்னும் காமாக்சின்னுதான் சொல்றாங்க. அந்த பி.எச்.சி. 1997லேயே இந்தியாவில் தடையாகிடுச்சு, பேர் மட்டும் நிக்குது.

என் கருத்தைச் சொல்லிடுறேன். ஆடு மாட்டுக்கு 1962க்குக் கூப்பிட்டா வண்டி வருது, நல்ல விஷயம். அந்த அக்கறையில் ஒரு பங்கை வீட்டுப் பூனைக்கும் நாய்க்கும் கொடுத்து, இந்தச் சொட்டு மருந்தை எல்லா அரசு கால்நடை மருந்தகத்திலும் இலவசமாத் தரணும். பூனை வளர்ப்பு பணக்காரப் பொழுதுபோக்குன்னு யாராவது சொன்னா, அரிசி மூட்டைக்குக் காவலா பூனை வச்சிருக்கிற வீட்டை அவங்க பார்த்ததில்லைன்னு அர்த்தம். இந்த மருந்து பூனைக்குப் போற செலவு மாதிரி தெரியும். உண்மையில் குழந்தை நலச் செலவு. எங்க ஆட்களும் திருந்தணும். அரிப்போட வர்ற பிள்ளைக்குக் களிம்பு எழுதுறதுக்கு முன்னாடி, வீட்டில் என்ன வளர்க்கிறீங்கன்னு கேக்க அரை நிமிஷம் ஆகாது.

பையன் மூணு வாரம் கழிச்சு வந்தான். காலில் தழும்பு மட்டும்தான் பாக்கி. பூனையும் தானாவே வீடு திரும்பிடுச்சாம். சொட்டு மருந்து போடப் பிடிக்கும்போது அவன் கையைக் கீறிடுச்சு. ஆச்சி அதில் மஞ்சள் அப்பிக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. மஞ்சளைக் கழுவிட்டு, குழாய்த் தண்ணியில் 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவ வச்சு, ரேபிஸ் தடுப்பூசி முதல் தவணை போட்டேன். பூனைக்கும் போடுங்க ஆச்சின்னு கால்நடை மருந்தகத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்.