பந்தியில் பாதியில் எழுந்தவள்



"பொண்ணை ஸ்பெயினுக்கு அனுப்பினீங்களாமே! யார் வீட்டிலேயோ தங்கினாளாமே, பயமா இல்லையா?" என்று கோயிலிலும் ரேஷன் கடையிலும் என்னைக் கேட்காதவர்கள் இல்லை. பயம் இல்லாமலா? ஆனால் நான் பயந்தது ஒன்று, நடந்தது வேறொன்று. தப்பு என் மேல்தான். அதைத்தான் இந்தத் தடவை சொல்லப் போகிறேன்.

என் மூத்த மகள் பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருஷம் ஸ்பானிஷ் படித்தாள். "புத்தகம் படிச்சாப் புரியுதும்மா, பேசத்தான் வாய் வரலை" என்பாள். அதற்காகவே போன வருஷம் ஜூலையில் சலமான்கா என்ற ஊருக்கு எட்டு வாரப் படிப்புக்குப் போனாள். மாட்ரிட்டிலிருந்து இருநூறு கிலோமீட்டர் சொச்சம். 1218-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இன்றும் அங்கே நடக்கிறது. நெப்ரிஹா என்ற பண்டிதர் ஸ்பானிய மொழிக்கு இலக்கண நூல் அச்சிட்டதும் அந்த ஊரில்தான், 1492-ல்.

விடுதியில் தங்கினால் நம் ஊர்ப் பிள்ளைகளோடு இங்கிலீஷ் பேசியே பொழுது போய்விடும், குடும்பத்தோடு இருந்தால்தான் மொழி வரும் என்று பள்ளியிலேயே ஒரு வீட்டைப் பார்த்துக் கொடுத்தார்கள். அறுபது வயது அம்மா ஒருவர், அவர் கணவர், எண்பதைத் தாண்டிய மாமியார். தனி அறை, மூன்று வேளைச் சாப்பாடு.

முதல் வாரமே சாப்பாட்டில் சிக்கல். முட்டை சாப்பிடுவாள், கறி மீன் கிடையாது. "நான் சைவம்" என்று சொல்லியும் பருப்புக் குழம்பில் பன்றித் தொத்திறைச்சித் துண்டுகள் மிதந்தன. "இது கறி இல்லையேம்மா, ருசிக்குக் கொஞ்சம் போட்டேன்" என்றாராம் அந்த அம்மா. அடுத்தது செருப்பு. நம் பழக்கப்படி இவள் வெறுங்காலோடு வீட்டுக்குள் நடக்க, பாட்டி, "சளி பிடிக்கும், செருப்பைப் போடு!" என்று விரட்டினாராம். நாம் செருப்போடு உள்ளே வராதே என்போம், அவர்கள் செருப்பில்லாமல் வராதே என்கிறார்கள்!

இதையெல்லாம் தினமும் போனில் கேட்டுச் சிரிப்பேன். விளக்கேற்றிவிட்டு ஆறரைக்குக் கூப்பிடுவேன். முகம் பார்த்துப் பேசினால்தான் எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கும். பத்து நாள் போனது. குரலில் சுரத்தில்லை. "வகுப்பிலே நான்தான்மா ஊமை மாதிரி இருக்கேன்" என்றாள். அப்புறமும் அரை மணி நேரம் தைரியம் சொன்னேன், தமிழில்.

பதினைந்தாம் நாள் தயங்கித் தயங்கி, "அம்மா, நீ ஆறரைக்குக் கூப்பிடாதேயேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பக்கத்திலிருந்த அந்த அம்மா போனை வாங்கி என் முகத்தைப் பார்த்து மளமளவென்று பேசினார். இவள் தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தாள்:

"என் சமையல் பிடிக்கவில்லையா என்று உங்கள் பெண்ணைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தட்டு காலியானதும் எழுந்து அறைக்குப் போய்விடுகிறாள். நாங்கள் மூன்று பேரும் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோடையில் நம் கடிகாரம் அவர்களைவிட மூன்றரை மணி முன்னால். நமக்கு ஆறரை என்றால் அங்கே பகல் மூன்று. அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடு. இரண்டு, இரண்டரைக்குத்தான் உட்காருவார்கள். முடிந்ததும் எழுவதில்லை. பழம், காபி என்று அப்படியே உட்கார்ந்து பேசுகிறார்கள். அதற்கு 'சோப்ரெமேசா' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். ஊர்க்கதை, விலைவாசி, மாமியார் குறை எல்லாம் அங்கேதான். மொழி படிக்கப் போனவளுக்கு அதைவிடப் பெரிய வகுப்பு ஏது? அந்த வகுப்பிலிருந்து தினமும் அவளை எழுப்பிக்கொண்டு போனவள் நான்! பந்தியில் பாதியில் எழுந்தால் வீட்டுக்காரருக்கு எவ்வளவு அவமானம் என்று நமக்குத் தெரியாதா?

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன், அதுவும் அவள் கூப்பிட்டால். முதல் வாரம் ஆறரை மணி ஆனால் கை தானாகப் போனைத் தேடும். வீட்டுக்காரர், "வெண்டைக்காயாவது நறுக்கேன்" என்பார்.

அங்கே என்ன நடந்தது தெரியுமா? மூன்றாம் நாள் மேசை விரிப்பில் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். கூச்சமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, இங்கிலீஷ் 'எம்பராஸ்' ஞாபகத்தில் 'எம்பரஸாதா' என்றிருக்கிறாள். ஸ்பானிஷில் அதற்கு 'கர்ப்பமாக இருக்கிறேன்' என்று அர்த்தம்! பாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாராம். விஷயம் புரிந்து வீடே சிரித்ததில் இவள் நாக்குக் கட்டும் அவிழ்ந்தது. அப்புறம் தப்போ சரியோ, பேச்சு நிற்கவில்லை.

நமக்குத்தான் அந்த மொழி சுலபம் என்கிறாள். இங்கிலீஷில் 'நான்' இல்லாமல் வாக்கியம் நிற்காது. ஸ்பானிஷில் 'ஆப்லோ' என்றால் 'பேசுகிறேன்', 'ஆப்லாஸ்' என்றால் 'பேசுகிறாய்'. யார் என்பதை வினையே சொல்லிவிடும். 'மே குஸ்தா' என்றால் நம்மைப் போலவே 'எனக்குப் பிடிக்கும்'. நீ, நீங்கள் என்ற வித்தியாசமும் உண்டு.

பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்களுக்கு என் அனுபவத்தில் சில:

* 'சைவம்' என்று மட்டும் சொன்னால் போதாது. கறி, மீன், பன்றித்தொடை மூன்றையும் பெயர் சொல்லி வேண்டாம் என்று முதலிலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

* வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி பெட்டியில் வையுங்கள்.

* ராத்திரிச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல்தான். ஜூலையில் அப்போதும் வெளிச்சம் இருக்கும். சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முறுக்கு கொடுத்து அனுப்புங்கள்.

* 90 நாளுக்குள் தங்கும் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும்.

* வீடு பிடிக்காவிட்டால் மாற்றித் தருவார்களா என்று பணம் கட்டும் முன்பே பள்ளியில் கேளுங்கள்.

* எந்த நேரம் கூப்பிடலாம் என்பதை அவர்கள் சாப்பாட்டு நேரம் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அந்த அம்மா கற்றுக் கொடுத்த 'அர்ரோஸ் கோன் லேச்சே', அதாவது ஸ்பானியப் பால் பாயசம்: ஒரு லிட்டர் பாலில் பட்டை ஒரு துண்டு, எலுமிச்சைத் தோல் ஒரு சுருள் (மஞ்சள் பாகம் மட்டும், வெள்ளை சேர்ந்தால் கசக்கும்) போட்டுக் கொதிக்க விடுங்கள். 100 கிராம் பச்சரிசியைக் கழுவிப் போட்டு, சிறு தீயில் அடிக்கடி கிளறிக் குழைய விடுங்கள். கடைசியில் 100 கிராம் சர்க்கரை. பட்டையையும் தோலையும் எடுத்துவிட்டு ஆற வைத்து, மேலே பட்டைப் பொடி தூவிச் சாப்பிட வேண்டும். ஏலக்காய் இல்லையே என்று நினைக்காதீர்கள், நன்றாகவே இருக்கிறது.

மகள் திரும்பி வந்துவிட்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா போனில் கூப்பிடுகிறார். இவள் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடுகிறாள். ஆறிப்போன காபியைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். என்ன சொல்ல முடியும், சொல்லுங்கள்?

அடுத்த இதழில் சந்திப்போம்.