மைதானத்தில் காமிரா

பிள்ளையின் ஹாக்கிப் பந்தயத்தைப் படம் பிடிக்க விரும்பும் தகப்பனார்கள், கடையில் காமிராப் பெட்டியைப் பற்றியே விசாரிக்கிறார்கள். நமது அபிப்பிராயத்தில், பணத்தை லென்ஸில் போடுவதுதான் விவேகம்.

1936-ம் வருஷத்து பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்தை முன்னிட்டு, ஜெய்ஸ் கம்பெனியார் 180 மில்லிமீட்டர் 'ஒலிம்பியா சோனார்' லென்ஸைச் செய்தார்கள். (தியான் சந்தின் கோஷ்டி ஜெர்மனியை 8-1 என்று முறியடித்தது அங்கேதான்!) அதன் துவாரம் எஃப் 2.8 வரை விரியும். வெளிச்சம் தாராளமாக நுழைந்தால்தான் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் படம் எடுக்கலாம். ஓடுகிற காலும் கலங்காமல் விழும். இன்று அந்த வேலைக்கு 70-200 லென்ஸ் இருக்கிறது. விலை கண்ணைக் கட்டும், வாஸ்தவமே. கைக்கு எட்டாதவர்கள் எஃப் 4 லென்ஸே வாங்கட்டும். நம் ஊர் வெயிலில் அது தாராளமாகப் போதும். வீட்டிலுள்ள பெட்டிக்குப் பொருந்துமா என்பதை மட்டும் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட வேண்டும்.