பட்டம் பெற்றும் பேச்சிழந்தோர்

பட்டம் பெற்ற தமிழிளைஞர் நேர்காணலில் தோற்றுத் திரும்புவதற்கு ஆங்கிலம் அறியாமையே கரணியம் என்னும் கருத்து நாட்டில் ஆழ வேரூன்றிவிட்டது. அக்கருத்துப் பாதியே உண்மை. எந்திரவியல் கற்றுத் தேறிய ஒருவனிடம், கொதிகலன் இயங்கும் முறையைத் தமிழிலேயே விளக்குமாறு கேட்டுப் பாருங்கள். தாளில் நான்கு பக்கம் எழுதவல்லவன், வாயால் நான்கு சொற்றொடரைக் கோவையாய்ச் சொல்லமாட்டாது தடுமாறுவான். எம்மொழியிலும் பேசப் பயிற்றப்படாதவன் அவன்.

யார் பயிற்றினார்? தொடக்கப்பள்ளியில் "வாயை மூடு" என்பதே அவன் மிகுதியாய்க் கேட்ட கட்டளை. பின்னர்க் குறிப்பெழுதினான், நெட்டுருச் செய்தான், தேர்வுத்தாளில் கொட்டினான். தமிழ் வகுப்பும் இதற்கு விலக்கன்று. ஆண்டுவிழாப் பேச்சுப்போட்டிக்கு ஆசிரியரே உரை எழுதித் தருவார். குரல்வளமுள்ள ஒரு மாணவன் அதனை ஒப்பிப்பான். எஞ்சிய நாற்பதின்மர் கைதட்டுவர். அதற்குப் பேச்சுப்பயிற்சி என்று பெயர்!

'மென்திறன்' என்று இன்று புதுச்சரக்குப்போல் விற்கப்படுவது தமிழர்க்குப் புதிதன்று. சொல்வன்மைக்கும் அவையறிதற்கும் அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தவர் திருவள்ளுவர். அவற்றையும் பொருளெழுதி மதிப்பெண் பெறும் பாடமாக்கியதே இக்காலக் கல்வியின் திறம்.

அரசு வாளாவிருக்கவில்லை. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன. அவ்வாண்டே, தமிழ்வழிக் கற்றோர்க்கு அரசுப்பணியில் 20 விழுக்காட்டு இடங்களை முன்னுரிமையில் அளிக்கும் சட்டமும் வந்தது. 2022-இல் 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி மாணவரிடம் திறன்பயிற்சியைக் கொண்டுசென்றது. பாராட்டத்தக்கவையே. ஆயினும், பள்ளிக்காலமெல்லாம் கட்டப்பட்டிருந்த நாவைக் கல்லூரியிற் கிடைக்கும் சில மாதப் பயிற்சி எத்துணை அவிழ்க்கும்? கட்டணம் பெறும் பயிற்சி நடுவங்களோ, தன்னறிமுகத்தையும் பத்து ஆங்கில வரிகளாய் நெட்டுருச் செய்வித்து அனுப்புகின்றன. வினா சற்றே திரும்பினால் அவ்வரிகள் உதவா.

அயல்நாட்டாரோடு தொழில் நடத்தும் நிறுவனங்களுக்கு ஆங்கிலம் தேவையே. அதனை மறுப்பார் இலர். ஆனால் எண்ணியதை ஒழுங்குபடுத்தல், பிறர் கூறுவதைச் செவிகொடுத்துக் கேட்டல், மறுத்துரைக்கும்போதும் தகவோடு பேசல் ஆகியவை முதற்கண் தாய்மொழியில் அமையவேண்டியவை. அவை அமையப்பெற்றவன் ஆங்கிலத்தையும் அச்சமின்றிக் கையாள்வான்.

ஆறாம் வகுப்பிலிருந்தே கிழமைக்கு ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குக. படித்த பாடத்தை ஒவ்வொரு மாணவனும் மாணவியும் எழுந்து நின்று தம் சொல்லால் விளக்கட்டும், ஏனையோர் வினவட்டும். பொதுத்தேர்வில் அதற்கு மதிப்பெண் உண்டென்றும் அரசு அறிவிக்கட்டும். இன்றேல், அப்பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் இரண்டாம் கிழமையே கேட்டுப் பெற்றுக்கொள்வார், பெற்றோரும் மகிழ்வர்.